தவறின் விலை: பூஜப்புரையும் புல்லம்பாறையும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் திரையை வைத்துக் கற்றுக்கொடுக்கும் இரண்டு முயற்சிகளைப் பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கலாம். ஒன்றின் தலைமையகம் நகருக்குள், பூஜப்புரையில் இருக்கிறது: பள்ளிப் பிள்ளைகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் ‘கைட்’ என்ற அரசு நிறுவனம். மற்றது வெஞ்ஞாறமூட்டுக்குப் பக்கத்திலுள்ள புல்லம்பாறை ஊராட்சியில் பிறந்தது: கைப்பேசியைத் தொடவே தயங்கிய பெரியவர்களைத் தேடிப்போய்ச் சொல்லிக்கொடுத்த ‘டிஜி புல்லம்பாறை’. முதலாவதில் ஒன்றாம் வகுப்பு முதலான பள்ளிப் பிள்ளைகள். இரண்டாவதில் தலை நரைத்த பிறகு பாடம் கேட்க உட்கார்ந்தவர்கள்.

டேப்லெட்டும் செயலியும் விற்பவர்கள் ‘எந்த வயதிலும் கற்கலாம்’ என்பார்கள். நம்பாதவர்கள் ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று பழமொழியை எடுத்து நீட்டுவார்கள். இரு தரப்பும் வயதையே பிடித்துக்கொண்டு பேசுகின்றன. ஆனால் இவ்விரு முயற்சிகளையும் ஒப்பிட்டால் வயதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று கண்ணில் படுகிறது. கற்கும்போது செய்யும் தவறுக்குக் கற்பவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதே அது.

வந்த வழி

கைட்டின் கதை 2001-இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமாகத் தொடங்கியது. 2017-இல் அது நிறுவனமாயிற்று. உயர்நிலைப் பள்ளிகளின் கணினி அறையில் ஆரம்பித்து, 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கி, தொடக்கப் பள்ளிவரை இறங்கி வந்தது. காசு கொடுத்து உரிமம் வாங்கும் மென்பொருளைக் கைவிட்டு, பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது இதன் பெரிய சாதனை. 2020 ஜூன் 1 அன்று, பள்ளிகள் பூட்டிக் கிடந்த நேரத்தில், தன் விக்டர்ஸ் கல்வி அலைவரிசையில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியதும் இதே நிறுவனம்தான். கேரளத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழிலும் அந்த வகுப்புகள் கிடைத்தன.

புல்லம்பாறையின் கதை சின்னது, வேகமானது. ஊராட்சிக்குள் யாருக்கெல்லாம் கைப்பேசியும் இணையமும் கைவரவில்லை என்று கணக்கெடுத்து, அவர்களுக்குப் பயிற்சி தந்து, 2022 செப்டம்பரில் கேரளத்தின் முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு ஊராட்சியாக அது அறிவிக்கப்பட்டது. அதை மாநிலம் முழுக்க விரித்ததே ‘டிஜி கேரளம்’. 2025 ஆகஸ்ட் 21 அன்று திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேடியத்தில் முதல்வர் பினராயி விஜயன் கேரளத்தை முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலமாக அறிவித்தார். அடையாளம் கண்ட 21,88,398 பேரில் 21,87,966 பேர் பயிற்சியை முடித்தார்கள், அவர்களில் 21,87,667 பேர் மதிப்பீட்டில் தேறினார்கள் என்பது அரசு தந்த கணக்கு. ஒன்றிய அரசின் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டமான பி.எம்.ஜி.திஷா 14 முதல் 60 வயதுவரை உள்ளவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. கேரளம் அந்த மேல்வரம்பை எடுத்துவிட்டது. பயிற்சி முடித்தவர்களில் நூறு வயதைத் தாண்டியவரும் உண்டு.

பாடத்துக்குச் செய்தது, காரியத்துக்குச் செய்தது

கேரளத்துத் தொடக்கப் பள்ளிக் கணினிகளில் இருக்கும் ‘ஜிகாம்ப்ரிஸ்’ இரண்டு வயது முதல் பத்து வயதுவரை உள்ளவர்களுக்கானது. ஃபிரான்ஸைச் சேர்ந்த புரூனோ குடுவான் 2000-இல் தொடங்கியது. இப்போது அதில் 180-க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இருக்கின்றன. கணினியிலும் ஓடும், டேப்லெட்டிலும் ஓடும். இணையம் வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், விளம்பரம் கிடையாது. அதில் ஒரு விளையாட்டு: திரை கட்டம்கட்டமாக மூடியிருக்கும். சுட்டியை மேலே நகர்த்தினால் கட்டங்கள் ஒவ்வொன்றாய் மறைந்து, அடியில் இருக்கும் படம் வெளியே வரும். அடுத்த நிலையில் அதையே சொடுக்கிச் செய்ய வேண்டும், அதற்கும் அடுத்து இரட்டைச் சொடுக்கு. சுட்டியைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்று எங்கும் சொல்வதில்லை. பிள்ளை படத்தைத் தேடுகிறது, கை தானாகப் பழகிவிடுகிறது.

புல்லம்பாறையிலும் டிஜி கேரளத்திலும் பெரியவர்களுக்குக் கிடைத்த செயலிகள் எவை? வாட்ஸ்ஆப், யூடியூப், கூகுள் தேடல், கேஸ் புக்கிங், கரண்ட் பில், அரசுச் சேவைகள். பயிற்சி மூன்று பகுதிகளாகப் பிரிந்து 15 செயல்களைக் கொண்டிருந்தது. போனை இயக்கி அணைப்பதில் தொடங்கி, எண்ணைச் சேமித்து, வீடியோ காலில் பேசி, கட்டணம் கட்டும்வரை போனது. இந்தச் செயலிகளில் ஒன்றுகூடக் கற்பிப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. எல்லாமே ஏற்கனவே தெரிந்தவர்களை மனத்தில் வைத்துச் செய்தவை.

ரப்பர் வெட்டிக் காய்த்துப்போன ஒரு விரலை எண்ணிப் பாருங்கள். அந்த விரலுக்குத் தெரிந்தது அழுத்துவதுதான். சுவிட்சை அழுத்துவதுபோலத் திரையையும் அழுத்துகிறது. லேசாகத் தொட்டால் திறக்க வேண்டிய செயலி, அழுத்திப் பிடித்ததால் திறக்கவில்லை. மாறாக வேறொரு பட்டியல் எட்டிப்பார்க்கிறது. அதில் ‘நீக்கு’ என்பதும் ஒன்று. பயந்து விரலை எடுக்கப் போய் அதிலேயே பட்டுவிடுகிறது. ‘போன் கெட்டுப்போச்சு’ என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சுட்டியை நகர்த்துவதற்கும் சொடுக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்குக் கற்பிக்க ஒரு விளையாட்டே இருக்கிறது. தொடுவதற்கும் அழுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்கப் பெரியவருக்கு அப்படி ஒன்று இல்லை.

தவறினால் என்ன ஆகும்

இங்கேதான் இரண்டும் முழுசாகப் பிரிகின்றன. ஜிகாம்ப்ரிஸில் கூட்டலைத் தப்பாகப் போட்டால் ஒரு படம் முகம் சுளிக்கும், அவ்வளவுதான். மறுபடி போடலாம். நூறு முறை தப்பினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே பிள்ளை துணிந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறது. அந்தத் துணிச்சலைத்தான் நாம் ‘சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாம் சட்டென்று வந்துவிடும்’ என்று வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பெரியவர் பழகுவது சொந்தக் கணக்கில், சொந்தப் பணத்தில். யூ.பி.ஐ.யில் எண் மாறிப் போன தொகை ஒரு பொத்தானை அமுக்கினால் திரும்பி வராது. ஓ.டி.பி.யை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் போதும், தொழிலுறுதி (ஊரக வேலை உறுதித் திட்ட) வேலையில் சேர்த்த கூலி போய்விடும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்ற ஒற்றை விதி தெரியாமல் ஏமாந்தவர்கள் நாடு முழுக்க உண்டு. கோயில் குளத்துப் படிக்கட்டில் நீந்தப் பழகுவதும், கர்க்கடக மாத மழையில் கரமனை ஆற்றில் இறங்கிப் பழகுவதும் ஒன்றாகுமா? ஆற்றில் இறங்கத் தயங்குபவரைப் பார்த்து ‘வயசாகிவிட்டது, இனி வராது’ என்று சொல்வது நியாயமில்லை. அவருடைய தயக்கம் அறிவின் அடையாளம்.

வயது தடையில்லை என்பதற்குக் கேரளத்திலேயே சான்று இருக்கிறது. மாநில எழுத்தறிவு இயக்கத்தின் ‘அட்சரலட்சம்’ தேர்வை 2018-இல் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயனி அம்மா தம் 96-ஆம் வயதில் எழுதி, 100-க்கு 98 வாங்கினார். கணினியும் படிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட, அன்றைய கல்வி அமைச்சர் சி. ரவீந்திரநாத் ஒரு லேப்டாப் கொடுத்தார். அந்தத் தேர்வில் அவர் இழந்தது இரண்டு மதிப்பெண். சேமிப்பிலிருந்து ஒரு பைசாகூடக் குறையவில்லை. விலை இல்லாத இடத்தில் 96 வயதும் ஆறு வயதைப்போலவே துணிந்து எழுதியது.

பக்கத்தில் உட்காருபவர்

சொல்லித்தருபவர் விஷயத்தில் புல்லம்பாறைக்கே பலம் கூடுதல். குடும்பஸ்ரீ மகளிர் இயக்கத்தின் அயல்கூட்டம், தொழிலுறுதி வேலை நடக்கும் இடம், வீட்டுத் திண்ணை என்று கற்பவர் இருக்கும் இடத்துக்கே பாடம் போனது. டிஜி கேரளத்தில் தன்னார்வலர்கள் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல். பள்ளிக் கணினி அறையில் ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பே இருக்கும். இங்கே ஒருவர் பக்கத்தில் ஒருவர்.

ஆனால் அந்த நெருக்கத்துக்கும் ஒரு குறை உண்டு. பெரியவர் தடுமாறும்போது, ‘இங்க தாங்க அம்மூம்மா, நான் செஞ்சு தரேன்’ என்று போனை வாங்கிவிடுவது இளையவர்களின் பழக்கம். வேலை முடிந்துவிடும், பாடம் நின்றுவிடும். பள்ளியில் நல்ல ஆசிரியர் சுட்டியைப் பிடுங்குவதில்லை. பிடுங்க வேண்டிய அவசரமும் அங்கே இல்லை, தவறினால் ஒன்றும் ஆகாது என்பதால்.

2018-இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நிற்கின்றன. எட்டாம் வகுப்பில் திறனறித் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். இந்தப் பிள்ளைகளே 2022-இல் ‘அம்மா அறியான்’ (அம்மா அறிய) என்ற நிகழ்ச்சியில் தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்புப் பாடம் எடுத்தார்கள். இளையவர் வீட்டில் போனைப் பிடுங்காமல், வகுப்பில் நின்று விளக்கிச் சொன்ன அரிய சந்தர்ப்பம் அது.

எதை வைத்து அளப்பது

பள்ளியின் அளவுகோல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இன்று கற்றதை அடுத்த வகுப்பு மறுபடி கேட்கும், பத்தாம் வகுப்பில் ஐ.டி. தேர்வும் கேட்கும். மறந்தால் தெரிந்துவிடும். டிஜி கேரளத்தின் அளவுகோல் ஒரு நாளில் முடிகிறது: செய்து காட்டினால் தேர்ச்சி. 99.98 விழுக்காடு என்ற எண் வியக்கவைக்கிறது. அது எத்தனை பேரைத் தேடிப்போய்த் தொட்டார்கள் என்பதற்குச் சான்று. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் யார் துணையும் இல்லாமல் கேஸ் புக் செய்கிறார்கள் என்பதற்கு அது சான்றாகாது. எழுத்தறிவு இயக்கம் நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று இணைக்கல்வியைப் படிப்படியாக வைத்திருப்பது, கற்றது மறந்துபோகும் என்பதை உணர்ந்துதான். டிஜிட்டல் எழுத்தறிவுக்கும் இரண்டாம் படி வேண்டும்.

கொடுக்கல் வாங்கல்

ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒன்றிடம் இருப்பது மற்றதிடம் இல்லை. பூஜப்புரையிடம் தவறு செய்ய இடம் இருக்கிறது, ஆனால் பிள்ளை அங்கே கற்பது பல வேளைகளில் விளையாட்டோடும் மதிப்பெண்ணோடும் நின்றுவிடுகிறது. புல்லம்பாறையிடம் வாழ்க்கைக்கு வேண்டிய காரியம் இருக்கிறது, தவறு செய்ய இடம் இல்லை.

ஆகவே பெரியவர்களுக்கு இன்று வேண்டியது இன்னொரு பாட வீடியோ அல்ல, ஓர் ஒத்திகைச் செயலி. பொய்ப் பணம் போட்ட பொய் வங்கி. எழுத்துப் பெரிதாகத் தெரிய, கைப்பேசியைவிட டேப்லெட்டில் ஓடுவது நல்லது. ஊராட்சி நூலகத்தில் இரண்டு டேப்லெட் இருந்தால் தொடங்கிவிடலாம். அதில் மோசடிக்காரன் போன் செய்வான், ரகசிய எண் கேட்பான். எண்ணைப் போட்டுவிட்டால் பொய்ப் பணம் கரையும், ஏன் கரைந்தது என்று குரல் மலையாளத்திலும், திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் வாழும் தமிழர்களுக்குத் தமிழிலும் விளக்கும், உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்கவும் பழக்கும். பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஆரம்பிக்கும். இதைச் செய்யும் தொழில்நுட்பம் ஒன்றும் மலையைப் பெயர்ப்பதல்ல. ஏழாம் வகுப்பு ஐ.டி. பாடநூலிலேயே செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட மாநிலத்தில், லிட்டில் கைட்ஸ் பிள்ளைகளே இதற்கு அடிப்படை வடிவம் எழுதலாம். அப்போது அவர்கள் கணினிப் பாடத்துக்கும் உண்மையான ஒரு காரியம் கிடைக்கும்.

எந்த வயதிலும் கற்கலாம் என்பது சரி. தவறினால் பையில் இருப்பது போகாது என்ற உறுதியை ஆறு வயதுக்குக் கொடுத்தோம், அறுபது வயதுக்குக் கொடுக்கவில்லை. அதைக் கொடுத்த பிறகும் பெரியவருக்கு வரவில்லை என்றால், அப்போது வயதைக் குறை சொல்லலாம்.