கல்லில் எழுதிய நன்றி

நன்றிக்கு எடுத்துக்காட்டு வேண்டின் நாயைச் சுட்டுதல் நம் நாட்டு வழக்கம். ஒருவேளைச் சோறு இட்ட கையை அது உயிருள்ளளவும் மறவாது என்பர். அங்ஙனம் கூறும் நாமே, ஒருவரை இகழ வேண்டுமிடத்தும் 'நாய்' என்னும் சொல்லையே எடுத்தாளுகின்றோம். நாய் மனிதனுக்கு நன்றியுடையது என்பதில் ஐயமில்லை; மனிதன் நாய்க்கு நன்றியுடையவனாய் இருந்தானா என்பதே வினா. இதற்கு விடை ஏட்டிலும் உண்டு; கல்லிலும் உண்டு. தமிழகத்தின் வடவெல்லை எனத் தொல்காப்பியப் பாயிரம் சுட்டும் வேங்கடத்தில் தொடங்கி அவ்விடையைத் தேடுவோம்.

வேங்கடத்திற்கு அணித்தே திருக்காளத்தி உள்ளது. 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமையும் வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. பொன்முகலியாற்றின் கரையில் அமைந்த இத்தலத்தைக் கண்ணப்பரின்றி நினைத்தல் இயலாது. பன்னிரண்டாம் நூற்றாண்டினரான சேக்கிழார், அவர் பிறந்த உடுப்பூரைப் பெரியபுராணத்தில் காட்டுங்கால், விளாமரக் கிளைகளில் வலைகள் தொங்க, அம்மரங்களில் வேட்டை நாய்கள் கட்டப்பட்டிருந்த காட்சியை நம் கண்முன் நிறுத்துகின்றார். நாகனின் மகன் திண்ணன் நாய்களின் நடுவே வளர்ந்த பிள்ளை.

பன்றியைத் துரத்தி வந்த திண்ணன், மலைமேல் குடுமித்தேவரைக் கண்டபின் செய்தவற்றை எண்ணிப் பார்மின். தனியே இருக்கும் இவருக்குக் கொடிய விலங்குகளால் தீங்கு நேருமோ என அஞ்சினான். வில்லேந்தி இரவெல்லாம் உறங்காது காவல் நின்றான். மந்திரம் அறியாத அவ்வேடனுக்குக் காவலும் வழிபாடே ஆயிற்று. வாயிலில் உறங்காது கிடந்து தலைவனைக் காக்கும் பண்பை அவன் எவரிடம் கண்டிருத்தல் கூடும்? தன் குடியிருப்பில் உடன் வளர்ந்த நாய்களிடம் கண்டிருப்பான் எனக் கருதுதல் தவறாகாது. பின்னர் இறைவன் கண்ணில் குருதி பெருகக் கண்டு, முதலில் பச்சிலை தேடிப் பிழிந்தான். அது பயன்படாமை கண்டு தன் கண்ணையே அகழ்ந்து அப்பினான். காவலாகத் தொடங்கிய அன்பு மருந்தாக முடிந்தது. மாணிக்கவாசகர் போன்ற அருளாளர் தம்மை நாய் என்று கூறிக்கொண்டதும் வெறுந் தாழ்வுரை அன்று. தலைவனை விட்டு நீங்கா உறவை வேண்டியவர்க்கு அதனினும் பொருத்தமான உவமை கிடைக்கவில்லை என்க.

இது புராணம், கல் கூறுவதையும் கேட்போம். பழங்காலத்தில் பெரும்பாணப்பாடி என்று வழங்கிய சித்தூர்ப் பகுதி, வாணர் குடியின் பெயரைத் தாங்கிய நிலம். வாணகோ அரையரின் பெயர் தெற்கே செங்கத்தைச் சூழ்ந்த நடுகற்களிலும் காணப்படுகின்றது. அவற்றுள் ஒன்று, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ளது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எழுந்த கல் அது. வாணகோ அரையரின் மருமகனிடம் பணிபுரிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காத்துப் போரிட்டு மாண்டான். அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனி வாசகமே பொறிக்கப்பட்டுள்ளது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எருமை கவர வந்த கள்வர் பெயர் கல்லில் இல்லை. நாயின் பெயர் இருக்கின்றது. தலைவனை இழந்த சுற்றத்தார் தம் துயரிடையே, அவனோடு நின்ற வாயில்லா உயிரை மறவாது, அதற்கெனச் சில எழுத்துகளையும் வெட்டச் செய்தனர். கோவிவன் என்னும் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக வாழ்கின்றது.

அடுத்து, வேங்கடத்திற்குத் தெற்கே அரக்கோணத்தை அடுத்துள்ள தக்கோலத்திற்கு வருவோம். 949ஆம் ஆண்டில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்கும் சோழருக்கும் அங்கே பெரும்போர் நிகழ்ந்தது. பராந்தகன் மைந்தன் இராசாதித்தன், கங்க அரசன் பூதுகனால் யானைமீதே வீழ்த்தப்பட்டான். சோழ வரலாற்றின் போக்கையே தடுத்து நிறுத்திய அப்போரில், பூதுகனின் படைவீரன் மணலேரன் சிறந்த ஆற்றல் காட்டினான். மகிழ்ந்த தலைவன் வேண்டுவது கேள் என்றபோது, அவன் ஊரும் பொன்னும் கேளாது, காளி என்னும் வேட்டை நாயையே கேட்டுப் பெற்றான்.

பின்னர் அக்காளி ஒரு பெரும் பன்றியோடு பொருதது. நாயும் பன்றியும் ஒருங்கே மாண்டன. அதன் நினைவாக இன்றைய கருநாடக மாநிலத்து மண்டியா மாவட்டத்தில் உள்ள ஆதகூர்க் கோயில் முன்னர் ஒரு கல் நாட்டப்பட்டது, நிலமும் விடப்பட்டது. கோயிலில் பணிபுரிபவர் அக்கல்லை வழிபடாமல் உண்ணலாகாது என்றும் விதிக்கப்பட்டது. நாயும் பன்றியும் பொருதும் உருவத்தோடு கூடிய அக்கல் பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. தக்கோலப் போரின் முடிவை நமக்குத் தெளிவுறக் கூறும் கல்வெட்டுகளுள் இது தலையாயது. சோழ இளவரசன் ஒருவன் மாண்ட வரலாறு ஒரு நாயின் நினைவுக்கல் வாயிலாக நம்மை வந்தடைந்தது எண்ணுந்தோறும் வியப்பளிப்பதாகும்.

பண்டைக்காலத்தோடு இவ்வழக்கம் அற்றுப்போனதோ எனின், அற்றுப்போகவில்லை. 1896இல் திருவண்ணாமலை வந்து, 1950இல் இறைவனடி சேர்ந்த இரமண முனிவர், தம்மைச் சூழ்ந்த விலங்குகளை 'அது' என்று அஃறிணையாற் சுட்டியதில்லை. நாய்களைப் 'பையன்கள்' என்றே கூறி, அவற்றிற்கு உணவு இட்டாயிற்றா என்று வினவுவார். கமலா என்னும் நாய், புதிதாக வருவோரை அழைத்துச் சென்று மலையைச் சூழ்ந்த இடங்களைக் காட்டி மீளும் என்பர். ஜாக்கி என்னும் நாயின் சமாதி இன்றும் அவ்வாசிரமத்தில் உள்ளது. எடுத்தனூர்க் கல்லின் மரபு அங்கே வேறு வடிவில் தொடர்ந்தது.

மருத்துவ அறிஞரும் இவ்வுறவை ஆராயத் தொடங்கியுள்ளனர். நியூயார்க் நகர உளவியலறிஞர் போரிஸ் லெவின்சன், பிறரோடு பேச மறுத்த சிறுவன் ஒருவன் தம் நாய் ஜிங்கிள்ஸிடம் மனந்திறந்து பழகக் கண்டு, 1960களின் தொடக்கத்தில் அதனைப் பற்றி எழுதினார். 1980இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இதய நோயாளர் 92 பேரை ஓராண்டு கவனித்தது. வளர்ப்புயிர் வைத்திருந்த 53 பேருள் மூவரும், வைத்திராத 39 பேருள் 11 பேரும் அவ்வாண்டில் இறந்தனர். இச்சிற்றாய்வு ஒன்றைக் கொண்டே நாய் இதயநோய்க்கு மருந்து என முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆயினும், நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்குங்கால் இருவர் உடலிலும் அன்புணர்வோடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்னும் சுரப்பு மிகுகின்றது என்று 2015இல் சப்பானிய அறிஞர் கண்டனர். கண்ணோடு கண் நோக்கும் அன்பு வீண்போவதில்லை.

நாய் மனிதனைக் குணப்படுத்துவதற்கு நெடுங்காலம் முன்னரே மனிதன் நாயைக் குணப்படுத்த முயன்றான். செருமனியில் பான் நகரை அடுத்த ஓபர்காசலில் 1914இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமையுடைய புதைகுழியில், ஓர் ஆணும் பெண்ணும் நாய்களோடு கிடந்தனர். அவற்றுள் ஒன்று கொடிய நோயுற்ற குட்டி என்றும், மனிதர் பேணாதிருந்தால் அவ்வளவு காலம் உயிர் வாழ்ந்திராது என்றும் 2018இல் வெளியான ஆய்வு கூறிற்று. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோய்க்குட்டி அது! பயன் கருதாது அதனைப் பேணிய கைகளே நன்றியின் முதற்பாடத்தை எழுதின.

அக்கைகளின் கடமை இன்றும் தீரவில்லை. அன்பு காட்டும் நாயே வெறிநோய்க்கு ஆளாயின் நஞ்சாகும். அது நாயின் குற்றமன்று. அந்நோயின் குறிகள் மனிதனிடம் தோன்றிவிட்டால் பிழைத்தல் மிக அரிது. 1885இல் பாசுட்டர் காட்டிய வழி நம் தென்னாட்டிற்கு 1907இல் குன்னூரில் நிறுவப்பெற்ற நிலையத்தின் வாயிலாக வந்தது. நாய்க்குக் காலந்தவறாது தடுப்பூசி இடுதலும், கடிபட்டவர் புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி உடனே மருத்துவரை நாடுதலும் எளிய செயல்கள். வளர்ப்பவர் தம் நாய்க்கும், ஊரார் தெருநாய்க்கும் இதனைச் செய்தல் வேண்டும். சோறிட்டுத் தடுப்பூசி இடாதவன் பாதி நன்றியே செய்தவனாவான். அஞ்சிக் கல்லெறிபவன் அதையும் செய்யாதவன்.

பிழைப்பு நாடி ஊர் துறந்து வந்த நம்மிற் பலர், புறப்பட்ட அன்று ஒரு நாயையும் பிரிந்து வந்தவரே. பேருந்து திரும்பும் வரை அது பின்னால் ஓடி வந்திருக்கும்; பின்னர் வாயிற்படியில் சென்று படுத்திருக்கும். பெற்றோருக்குக் கடிதம் எழுதினோம், பணமும் அனுப்பினோம். வாயிற்படியில் காத்துக் கிடந்ததை எத்தனை பேர் வினவினோம்? கல் நாட்டி நிலம் விட நம்மால் இயலாது போகலாம். அதன் பெயரை நம் மக்களுக்குச் சொல்ல இயலும். நாம் வாழும் தெருவில் வாழும் ஓருயிர்க்கு உணவும் மருந்தும் அளிக்க இயலும்.

நாய் நன்றியுடையது என்பதைக் கூற நமக்குக் கல்வெட்டு வேண்டுவதில்லை. நாமும் நன்றியுடையவர் என்பதற்கே சான்று வேண்டும். எடுத்தனூர் மக்கள் தம் சான்றைக் கல்லில் எழுதிச் சென்றனர். நாம் நம் சான்றைச் செயலில் எழுதுவோமாக.