பாத்தி மேடான வரலாறு

பலகைகளைச் சட்டமாக அடித்து, மண் நிரப்பிக் கீரை விதைக்கும் வழக்கத்தைப் பினாங்கு, பிறை வட்டாரத்துத் தமிழர் இல்லங்களில் காணலாம். அதனையும் நம்மவர் பாத்தி என்றே வழங்குகின்றனர். கடல் கடந்தபோது சொல் மாறவில்லை. பொருளின் வடிவமோ தலைகீழாயிற்று.

பாத்தி என்பது பகுக்கப்பட்ட நிலம். பகுத்துண்பதைப் பாத்தூண் என்பதும் இவ்வழியே. திருவள்ளுவர் பாத்தியை ஈரிடங்களில் (465, 718) உவமையாக்குகிறார். பின்னதில், உணர்வுடையார்முன் பேசுதலைப் பயிர் வளரும் பாத்தியில் நீர் சொரிவதோடு ஒப்பிடுகிறார். அப்பாத்தி நீரை ஏந்தி நிற்பது. சுற்றிலும் வரப்பு, நடுவே பள்ளம். ஆண்டுக்கு ஆயிரம் மி.மீ. மழையும் சராசரியாகப் பெறாத தமிழகத்திற்கு அதுவே தக்கது. கவலையிட்டு இறைத்த நீர் வீணே ஓடலாமா?

பினாங்கிலோ ஏறத்தாழ 2,400 மி.மீ. மழை. பள்ளத்தில் விதைத்தால் வேர் அழுகும். 1840களில் இன்றைய செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், மண்ணை மேடாக்கி இடையே வாய்க்கால் வெட்டும் முறையைச் சீனக் காய்கறித் தோட்டக்காரரிடம் கண்டு கற்றிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. மலாய்க்காரர் அம்மேட்டைப் 'பாத்தாஸ்' என்பர்; அதற்கு எல்லை என்றும் பொருளுண்டு. ஆயினும் ஒலியொப்புமை கண்டு உறவு கற்பித்தல் ஆகாது.

குடும்பமுடைய தோட்டத் தொழிலாளிக்கு 1/16 ஏக்கர் நிலம் ஒதுக்குமாறு 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அஃதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி. எல்லாத் தோட்டத்திலும் அது முழுமையாகக் கிட்டியதென்று எண்ணற்க. எனினும், ஜப்பானியர் ஆண்ட 1941–45இல் அரிசி அரிதானபோது, மரவள்ளி நட்ட மேடுகளே பல குடும்பங்களின் உயிரைக் காத்தன. 1974இல் அரசு தொடங்கிய பசுமைப் புத்தகத் திட்டமும் வீட்டுத் தோட்டத்தையே வலியுறுத்திற்று.

லயத்துப் பாத்திக்குப் பலகை வேண்டியிருக்கவில்லை. மழை கரைத்த மண்ணை மண்வெட்டியால் ஏற்றிவிட்டால் போதும். ரப்பர்க் காடுகள் தொழிற்பேட்டையாகவும் வீடமைப்பாகவும் மாறி, மக்கள் சிமெண்டு முற்றங்களுக்குக் குடிபெயர்ந்த பின்னரே மண்ணைத் தாங்கிப் பிடிக்க மரம் வேண்டியதாயிற்று. அதற்கும் வாழ்நாள் முழுதும் பால்வெட்டிய ரப்பர் மரம் உதவாது. மருந்தூட்டாவிடில் பூச்சியும் பூஞ்சையும் விரைவில் அரித்துவிடும். மெர்பாவ் போன்ற வன்மரம் நெடுநாள் நிற்கும், விலைதான் எட்டுவதில்லை.

எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள சட்டம் 32 சதுர அடி. கீரையும் மிளகாயும் வெண்டையும் அதில் விளையும். லயத்துக் கொல்லையில் நின்ற முருங்கைக்கு அதில் இடமில்லை.