மேழி பிடித்த கை எங்கே போயிற்று?

'அகல உழுவதைவிட ஆழ உழு' என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். எவ்வளவு ஆழம், அந்த ஆழத்தை வயலின் கோடி வரை எப்படிக் காப்பது என்பதை மட்டும் வாயால் சொல்லவில்லை. கையால் செய்து காட்டினார்கள். அந்தக் கை இன்று எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கத்து மானாவாரிக் குடும்பத்தில் பிறந்தவன். 1972-இல் வேலை தேடிப் பெங்களூர் வந்து, இயந்திரக் கூடங்களிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது தம்பி மகன் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தான். இருக்கையின் பக்கத்தில் இரண்டு லிவர்கள். அதில் ஒன்றைப் பழைய டியூப் ரப்பரால் இறுகக் கட்டியிருந்தான்.

"ஏன்டா இதைக் கட்டி வெச்சிருக்கே?" என்றேன்.

"அது எதுக்குன்னே தெரியல பெரியப்பா. வாங்கின நாள்ல இருந்து அப்படித்தான்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் கட்டிவைத்திருந்தது, அவனுடைய தாத்தாவின் கையை!

மாட்டு உழவில் நடந்தது என்ன?

என் அப்பா உழும்போது ஏர்க்கால், நுகத்தடி, கொழு எல்லாம் தத்தம் வேலையைச் செய்யும். ஆழத்தைக் காப்பது மேழியைப் பிடித்த கைதான். கெட்டி மண் வந்து மாடுகள் திணறினால், மேழியைச் சற்றே மாற்றிப் பிடித்துக் கொழுவை மேலே வரவிடுவார். மண் இளகியதும் மறுபடி ஆழத்துக்கு விடுவார். மாட்டின் இழுவை கையில் தெரியும், கை உடனே பதில் சொல்லும். இதை அவர் யோசித்துச் செய்ததில்லை.

டிராக்டர் வந்தபோது இந்தக் கை காணாமல் போனது. 1917-இல் வெளிவந்த ஃபோர்டுசன் போன்ற தொடக்க கால டிராக்டர்களில் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை ஒரு வேரிலோ பாறையிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் நகர முடியாது. எஞ்சினின் வேகம் வண்டியின் உடலையே தூக்கிவிடும். முன்சக்கரங்கள் எழும்பி, வண்டி ஓட்டுநர் மீதே மல்லாந்து விழும். இப்படி உயிரிழந்தோர் பலர்.

அயர்லாந்து விவசாயி மகன்

இதற்கு விடை கண்டவர் ஹாரி ஃபெர்குசன். 1884-இல் இன்றைய வட அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909 டிசம்பர் 31 அன்று தானே செய்த விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதன்முதலில் பறந்தவர் என்ற பெயரும் பெற்றவர். முதல் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, அயர்லாந்தின் டிராக்டர்களைச் சரிவர வேலை வாங்கும் பொறுப்பு 1917-இல் அவரிடம் வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவருக்கு ஒன்று புரிந்தது. டிராக்டரும் கலப்பையும் தனித்தனியாக இருக்கும் வரை தொல்லை தீராது, இரண்டும் ஒரே உடம்பாக வேண்டும். 1925-இல் அதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அது எப்படி வேலை செய்கிறது?

கலப்பையை மூன்று தண்டுகள் டிராக்டரோடு பிணைக்கின்றன. கீழே இரண்டு, மேலே ஒன்று. மேலே இருப்பதை நம் ஊர் மெக்கானிக்குகள் 'டாப் லிங்க்' என்பார்கள். கொழு மண்ணில் ஊன்றி நிற்க, கீழ்த்தண்டுகள் முன்னே இழுக்க, கலப்பையின் தலை முன்னால் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வு டாப் லிங்கை முன்னே தள்ளும். மண் எவ்வளவு கெட்டியோ, கொழு எவ்வளவு ஆழமோ, தள்ளலும் அவ்வளவு அதிகம்.

அந்த இடத்தில் கனத்த ஸ்பிரிங் ஒன்று வைத்தார் ஃபெர்குசன். ஸ்பிரிங் அமுங்கினால், அதோடு இணைந்த வால்வு நகர்ந்து, எண்ணெய் அழுத்தம் கலப்பையைச் சிறிது தூக்கும். இழுவை குறைந்ததும் ஸ்பிரிங் விரியும், எண்ணெய் வடியும், கலப்பை தன் எடையாலேயே இறங்கும். எவ்வளவு இழுவை வேண்டும் என்பதை மட்டும் ஓட்டுநர் லிவரில் சொல்லிவைக்கிறார். மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. இதுவே 'டிராஃப்ட் கண்ட்ரோல்', அதாவது இழுவைக் கட்டுப்பாடு. நம் கணிப்பொறி இளைஞர்கள் 'ஃபீட்பேக்' என்பார்களே, அதைச் சில்லு எதுவும் இல்லாமல் ஸ்பிரிங்கும் எண்ணெயும் கொண்டே செய்துவிட்டார்!

இன்னொரு நன்மையும் உண்டு. கலப்பையின் பாரமும் மண் கீழே இழுக்கும் விசையும் பின்சக்கரத்தின் மீது விழுவதால் எடை குறைந்த டிராக்டரும் வழுக்காமல் இழுக்கும். டாப் லிங்கின் தள்ளல் முன்பக்கத்தை அமுக்கிப் பிடிப்பதால், கலப்பை பாறையில் மோதினாலும் வண்டி மல்லாராது.

கை குலுக்கலும் வழக்கும்

1938 அக்டோபரில் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் முன் இதை இயக்கிக் காட்டினார். இருவரும் எழுத்தில் ஒப்பந்தம் போடவில்லை, கைகுலுக்கியதோடு சரி. 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டர் வந்தது. 1947-இல் ஹென்றி ஃபோர்டு மறைந்த ஆண்டிலேயே அந்த உறவு முறிந்தது. ஃபெர்குசன் வழக்குத் தொடுத்தார். 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. இதற்கிடையே 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் அவருடைய டிஇ20 டிராக்டர் உற்பத்தி தொடங்கி, பத்தாண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. 1953-இல் அவர் நிறுவனம் கனடாவின் மாஸி ஹாரிஸுடன் இணைய, பின்னர் 'மாஸி ஃபெர்குசன்' என்ற பெயர் நிலைத்தது.

சென்னைக்கும் பெங்களூருக்கும்

1960-இல் ஃபெர்குசன் காலமானார். அதே ஆண்டில் சென்னையில் மாஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு டாஃபே நிறுவனம் பிறந்தது. நிறுவியவர் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் எஸ். அனந்தராமகிருஷ்ணன். நெல்லைச் சீமையின் ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்த தமிழர். நம் வயல்களில் ஓடிய சிவப்பு மாஸி டிராக்டர்கள் இப்படித்தான் வந்தன. 2025-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இந்தியாவில் மாஸி ஃபெர்குசன் என்ற பெயரே டாஃபேக்கு உரியதாகிவிட்டது.

நம் பெங்களூருக்கும் இதில் பங்குண்டு. 1951-இல் இங்கே தொடங்கிய மைகோ (2008 முதல் பாஷ்) டீசல் பம்புகளைச் செய்தது. தொட்டபல்லாபுரத்தில் டாஃபே ஆலை வந்தது. வி.எஸ். திருவேங்கடசாமி முதலியார் தொடங்கிய வி.எஸ்.டி. குழுமம், 1967-இல் ஜப்பானின் மிட்சுபிஷி கூட்டுறவோடு இங்கே பவர் டில்லர் நிறுவனத்தை நிறுவியது. பவர் டில்லரில் மூன்று தண்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. பின்னால் நடப்பவர் இரு கைப்பிடிகளையும் பிடித்துத் தம் கையாலேயே சரிசெய்கிறார். பழைய மேழி அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது!

தெரியாததால் வரும் கேடு

எல்லா வேலைக்கும் டிராஃப்ட் கண்ட்ரோல் பொருந்தாது. சேற்றுழவுக்கும் ரோட்டவேட்டருக்கும் உயரத்தை நிலையாகப் பிடிக்கும் 'பொசிஷன்' லிவரே சரி. திட்டுத்திட்டாகக் கெட்டிப்பட்ட நிலத்தில் இழுவையை மட்டும் நம்பினால் உழவின் ஆழம் ஏறி இறங்கும். இந்த விவரமெல்லாம் வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். ஆனால் பெரும்பாலோர் கற்றது செவிவழி.

செவிவழிக் கல்வி ஒருமுறை எங்கள் ஊரில் ஓர் உயிரையே வாங்கியது. புளியமரத்து வேர்க்கட்டையைப் பிடுங்க, டாப் லிங்க் மாட்டும் உயரமான இடத்தில் சங்கிலியைக் கட்டினார்கள். கட்டை அசையவில்லை, வண்டி எழுந்து பின்னால் கவிழ்ந்தது. ஓட்டிய பையனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. இழுப்பதானால் பின் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கம்பியில்தான் சங்கிலியைக் கட்ட வேண்டும். மேலே கட்டினால், ஃபெர்குசன் ஒழித்த அதே எமனை நாமே அழைத்து வந்ததாகும்.

கட்டவிழ்த்த நாள்

அன்று அந்த ரப்பரை நானே அவிழ்த்தேன். பொசிஷன் லிவரை இறக்கிவிட்டு, டிராஃப்ட் லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஆழம் பிடித்த இடத்தில் குறிவைத்து ஓட்டச் சொன்னேன். வழக்கமாக எஞ்சின் முக்கும் மேட்டு மூலை வந்தது. கலப்பை விரல் அளவு எழுந்தது, பிறகு தானாக இறங்கியது. வண்டி ஒரே சீராகப் போயிற்று.

"தாத்தா இப்படித்தான் உழுவாருன்னு சொல்வீங்களே, அதுவா பெரியப்பா?" என்றான்.

"அதேதான்டா" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வயலில் நிற்கும் டிராக்டரையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்த லிவர் கட்டப்பட்டிருந்தால் ஓட்டுபவரிடம் இரண்டு நிமிடம் பேசி அவிழ்க்கச் சொல்லுங்கள். சங்கிலியை எங்கே கட்டக் கூடாது என்பதையும் மறவாமல் சொல்லிவிட்டு வாருங்கள்.