ஜிம்முக்கு சைக்கிளில் போகும் தேசம்

இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு காரை எடுத்துக்கொண்டு போய், ஜிம் வாசலில் நிறுத்த இடம் தேடி பத்து நிமிடம் சுற்றி, கடைசியில் உள்ளே போய் நகராத சைக்கிள் ஒன்றில் ஏறி அரைமணி நேரம் வியர்க்க வியர்க்க மிதிக்கும் மனிதர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நெதர்லாந்தில் இந்தக் காமெடி கொஞ்சம் குறைவு. அங்கே பலர் ஜிம்முக்குப் போவதே சைக்கிளில்தான்! சுமார் 1 கோடியே 80 லட்சம் மக்கள் வாழும் அந்த நாட்டில் சைக்கிள்களின் எண்ணிக்கை 2 கோடியைத் தாண்டும். மக்கள் செய்யும் பயணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில்தான் நடக்கிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. "அது மேடு பள்ளமே இல்லாத தட்டையான ஊர், சின்ன ஊர், அதனால் ஓட்டுகிறார்கள்". கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1970-லும் அந்த நாடு இதே அளவு தட்டையாகத்தான் இருந்தது. அப்போது அங்கே சைக்கிள் கிட்டத்தட்ட செத்துக்கொண்டிருந்தது என்பதுதான் பலருக்குத் தெரியாத கதை.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1920-களில் அங்கே சைக்கிள் ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் பொதுவான வாகனம். எல்லோரிடமும் இருக்கிற பொருளைப் பார்த்தால் அரசாங்கத்துக்கு என்ன தோன்றும்? வரி! 1924-ல் சைக்கிள் வரி வந்தது. வருடத்துக்கு 3 கில்டர். கட்டியதற்கு அடையாளமாக ஒரு சின்ன உலோகத் தகட்டை சைக்கிளில் மாட்டிக்கொள்ள வேண்டும். வேலையில்லாதவர்களுக்குத் தகடு இலவசம், ஆனால் நடுவில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். பார்த்த உடனே இவன் வேலையில்லாதவன் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். சலுகை கொடுப்பதிலும் இப்படி ஒரு கொடுமை! இந்த வரிப் பணம் சாலைகள் போடவும் போனது. பின்னாளில் தங்களைத் தெருவிலிருந்து விரட்டப்போகும் கார்களுக்கு சைக்கிள்காரர்களே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி ஆனது.

இந்த வரியை ரத்து செய்தது யார் தெரியுமா? 1941-ல், நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள். அதே ஜெர்மானியர்கள் பிறகு சைக்கிள்களையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்தும், ஜெர்மனியுடன் கால்பந்து நடந்தால் "என் சைக்கிளைத் திருப்பிக் கொடு" என்று டச்சு ரசிகர்கள் கத்துவார்கள்.

போருக்குப் பிறகு வளம் வந்தது. 1959-ல் குரோனிங்கன் பகுதியில் பிரம்மாண்டமான இயற்கை எரிவாயு இருப்பு கண்டுபிடிக்கப்பட்டது. சம்பளம் ஏறியது, கார் வாங்கினார்கள். 1960-ல் சுமார் 5 லட்சமாக இருந்த கார்கள், 1970-ல் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன. நகரங்களில் காருக்காகக் கட்டிடங்களை இடித்தார்கள். சைக்கிள் என்பது கார் வாங்க முடியாதவனின் வண்டி என்று ஆகிப்போனது. 1967-ல் யோகினன் என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். ஒரு கால்வாயைத் தூர்த்து ஆறுவழிச் சாலை, பழைய குடியிருப்புப் பகுதிகளை இடித்துவிட்டுப் புதுக் கட்டிடங்கள்! நல்லவேளை, அது நடக்கவில்லை.

எதிர்ப்பே இல்லாமல் இல்லை. 1965-லேயே 'புரோவோ' என்ற இளைஞர் கூட்டம், சைக்கிள்களுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, பூட்டாமல் தெருவில் விட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிவிட்டு விட்ட இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம். போலீஸ் வந்து, பூட்டாத சைக்கிள் தெருவில் நிற்பது சட்டப்படி தவறு என்று அள்ளிக்கொண்டு போனது. (இன்று உலகின் பல நகரங்களில் ஓடும் வாடகை சைக்கிள் திட்டங்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா இதுதான்.) வேடிக்கையான போராட்டம்தான், ஆனால் கார்களை அது நிறுத்திவிடவில்லை.

நிலைமையை மாற்றியது வேடிக்கை அல்ல, சாவு.

1971-ம் ஆண்டில் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் 3,000 பேருக்கு மேல் சாலை விபத்தில் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள். பள்ளிக்கூடத்துக்கு நடந்தும் சைக்கிளிலும் போன பிள்ளைகள், தெருவில் விளையாடிய பிள்ளைகள். கார் மோதி மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர், 1972-ல் தான் வேலை பார்த்த 'டி டைட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு: 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்'. விபத்து என்று எழுதவில்லை, கொலை என்று எழுதினார். அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. விபத்து என்றால் விதி, யாரும் பதில் சொல்ல வேண்டாம். கொலை என்றால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயரானது. முதல் தலைவி மார்ட்யே ஃபான் புட்டன், அப்போது ஒரு இளம் தாய். பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். இவர்களின் போராட்ட முறையே தனி. தெருவை மறித்து நடுரோட்டில் மேஜை போட்டு, அக்கம்பக்கத்தார் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகள் விளையாடினார்கள். பிரதமர் யோப் டென் ஆய்ல் வீட்டு வாசலுக்கே போய்ப் பாட்டுப் பாடினார்கள். பிரதமரும் காது கொடுத்துக் கேட்டார்.

அவர் கேட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் நெதர்லாந்துக்கு எண்ணெய் தர மறுத்தன. அந்த ஆண்டு நவம்பர் 4 தொடங்கி 1974 ஜனவரி தொடக்கம் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை! நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், ரோலர் ஸ்கேட் கட்டிக்கொண்டு உருண்டார்கள். கார் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று வாதம் செய்து புரியவைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சத்தமில்லாத தெருவை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

1975-ல் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கென்று ஒரு புதுச் சங்கம் பிறந்தது. அதன் பெயரில்தான் குறும்பு. நெதர்லாந்தில் ஏற்கெனவே 1883-லிருந்து 'ஏ.என்.டபிள்யூ.பி.' என்று ஒரு சைக்கிளோட்டிகள் சங்கம் உண்டு. ஆனால் காலப்போக்கில் அது கார் வைத்திருப்பவர்களின் சங்கமாக மாறிவிட்டது, பெயரில் மட்டும் சைக்கிள் ஒட்டிக்கொண்டிருந்தது! அதைக் கிண்டல் செய்து புதியவர்கள் தங்களுக்கு 'உண்மையான டச்சு சைக்கிளோட்டிகள் சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். பழைய சங்கம் சட்ட நடவடிக்கையில் இறங்கியது. புதியவர்கள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அரசாங்கம் டில்பர்க், தி ஹேக் ஆகிய நகரங்களில் சோதனையாகத் தனி சைக்கிள் பாதைகள் போட்டது. ஹேக் நகரக் கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். கார் நிறுத்த இடம் இல்லையென்றால் வாடிக்கையாளர் எப்படி வருவார், வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர்கள் பயம். அதைக் கேலி செய்ய முடியாது. கடை வாடகை மாதா மாதம் கட்டுகிறவர்களின் பயம் அது. பாதை வந்ததும் அதில் சைக்கிள்கள் கூடின. ஆனால் ஒரே ஒரு நல்ல பாதை போட்டால் பக்கத்துத் தெருவில் ஓட்டியவர்கள்தான் அதிகம் இங்கே வருகிறார்கள், புதிதாகக் காரை விட்டுவிட்டு வருபவர் குறைவு என்பதும் தெரிந்தது. ஊர் முழுக்க வலைபோலப் பின்னினால்தான் பலன் என்ற பாடத்தோடு, 1980-களில் டெல்ஃப்ட் நகரம் அதைச் செய்து பார்த்தது.

எல்லாவற்றையும் விடத் துணிச்சலான காரியம் நடந்தது குரோனிங்கனில். மாக்ஸ் ஃபான் டென் பெர்க் இருபதுகளிலேயே நகர நிர்வாகத்தில் பதவிக்கு வந்தவர். அவரது திட்டம் எளிமையானது. நகர மையத்தை நாலு துண்டாகப் பிரி. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு காரில் நேரே போக முடியாது, வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வரவேண்டும். சைக்கிளுக்கு எந்தத் தடையும் இல்லை. 1977 செப்டம்பரில் ஒரே இரவில் அறிவிப்புப் பலகைகள் மாறின. அங்கேயும் வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், ஆனால் திட்டம் நின்றது. கவனித்துப் பார்த்தால், காரை யாரும் தடை செய்யவில்லை. சைக்கிளை விட காருக்கு அதிக நேரம் பிடிக்கும்படி செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதன்பின் உபதேசம் தேவைப்படவில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு காரை எடுப்பது அந்த ஊர்க்காரனுக்கு நஷ்டக் கணக்கு.

இன்று எல்லாம் சொர்க்கம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2023-ல் நெதர்லாந்தில் 684 பேர் சாலையில் இறந்தார்கள். 1971-ஐ விட மிகமிகக் குறைவு. ஆனால் அவர்களில் 270 பேர் சைக்கிளில் சென்றவர்கள், அதிலும் வயதானவர்கள் நிறைய. குழந்தைகளுக்காகத் தொடங்கிய சண்டையில் இப்போது தாத்தா பாட்டிகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் கீழே 12,500 சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தை 2019-ல் கட்டி முடித்தார்கள். அதுவும் சில நாட்களில் நிரம்பி வழிகிறது.

பெயருக்காகச் சண்டை போட்ட அந்தப் பழைய கார்ச் சங்கம் என்ன ஆனது? இன்றும் இருக்கிறது, லட்சக்கணக்கான உறுப்பினர்களோடு. வழியில் கார் நின்றுபோனால் ஆள் அனுப்பிச் சரிசெய்து தருவதுதான் அதன் புகழ்பெற்ற சேவை. சந்தா கட்டினால் இப்போது சைக்கிள் பஞ்சருக்கும் ஆள் அனுப்புகிறார்கள் :-)