குடல்வால் வெடிப்பு: அறுவை சிகிச்சைக்குப் பின் தொற்றைத் தடுக்கும் முறைகள்

அப்பெண்டிக்ஸ் எனப்படும் குடல்வால் வெடிக்கும்போது, அதிலுள்ள சீழும் குடல் கிருமிகளும் வயிற்றறைக்குள் பரவுகின்றன. அறுவை சிகிச்சையில் குடல்வாலை அகற்றி வயிற்றறையைத் தூய்மை செய்த பின்னரும் சில கிருமிகள் எஞ்சியிருக்கக்கூடும். அவற்றால் தையல் போட்ட இடத்திலோ வயிற்றின் உள்ளேயோ சீழ் கட்டலாம். வெளியே தையல் நன்கு ஆறியிருப்பதாகத் தோன்றினாலும் உள்ளே சீழ்க்கட்டி வளர இயலும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மருத்துவமனையில்

ஆன்டிபயாட்டிக் மருந்து முதலில் ஊசி வழியாகவும், தேவைப்பட்டால் பின்னர் மாத்திரையாகவும் அளிக்கப்படும். சீழ் வடியக் குழாய் பொருத்தப்பட்டிருந்தால் அதை இழுக்கவோ மடக்கவோ கூடாது. மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து மெதுவாக நடங்கள்.

வீட்டில்

• மாத்திரைகளைக் குறித்த நாள்வரை உட்கொள்ளுங்கள். காய்ச்சல் நின்றுவிட்டது என்று இடையில் நிறுத்தாதீர்கள்.
• காயத்தைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பால் கைகளைக் கழுவுங்கள். உடனிருந்து கவனிப்பவருக்கும் இது பொருந்தும்.
• காயத்தின் மீது மஞ்சள், எண்ணெய், திருநீறு ஆகியவற்றைப் பூசாதீர்கள். எப்போது குளிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.
• பருப்பும் முட்டையும் உண்டால் சீழ் பிடிக்கும் என்பது தவறான நம்பிக்கை. காயம் ஆறப் புரதம் தேவை. மருத்துவர் வேறு கட்டுப்பாடு கூறாதபோது இவற்றை உண்ணலாம்.
• நீரிழிவு இருந்தால் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருங்கள். புகைபிடித்தல் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.
• தண்ணீர்க் குடம் தூக்குதல், மாட்டுத் தொழுவம் கூட்டுதல், தோட்ட வேலை, தறி வேலை ஆகியவற்றை மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிருங்கள்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், குளிர் நடுக்கம்
• அதிகரிக்கும் வயிற்றுவலி, வயிறு உப்புதல், தொடர் வாந்தி
• சளியுடன் கூடிய வயிற்றுப்போக்கு, அடிக்கடி மலம் கழிக்கும் உணர்வு
• காயம் சிவத்தல், வீங்குதல், பிரிதல், சீழ் வடிதல்

வீடு திரும்பி ஒரு வாரம் நலமாக இருந்தவருக்கும் இவை தோன்றலாம். காய்ச்சல் மாத்திரை மட்டும் உட்கொண்டு காத்திருந்தால் நோய் மறைந்திருந்து முற்றிவிடும். மருத்துவமனையில் அளித்த டிஸ்சார்ஜ் சீட்டுடன், சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். கோவையில் உள்ளோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். நோயாளி மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ கட்டணமில்லா 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.