தடுப்பதும் கலைப்பதும்: இந்திய மருந்துக்கடைகளில் அவசரக் கருத்தடை மாத்திரையின் வரலாறு

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் அடங்கிய அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவரின் சீட்டு இன்றியே மருந்துக்கடைகளில் விற்கலாம் என்று 2005-ஆம் ஆண்டு இந்திய அரசு அறிவித்தது. இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும், நாட்டின் பல ஊர்களில் அம்மாத்திரையைக் கேட்டுச் செல்லும் பெண்ணுக்கு வழக்கமாகக் கிடைப்பவை மூன்று மறுமொழிகள்: இருப்பு இல்லை, சீட்டு வேண்டும், இதற்குத் தடை இருக்கிறது. முதல் மறுமொழி உண்மையாக இருக்கலாம். பின்னிரண்டுக்கும் சட்டத்தில் ஆதாரம் இல்லை. சட்டம் விலக்கிக்கொண்ட தடை கடையின் மேசையில் எவ்வாறு உயிர்பிழைத்தது என்பது வரலாற்று ஆய்வுக்குரிய கேள்வி. அறியாமை என்ற ஒற்றைச் சொல்லால் அதற்கு விடை கூறிவிட இயலாது. கருவுறுதலைத் தடுப்பதையும் உருவான கருவைக் கலைப்பதையும் ஒரே செயலாகக் காணும் பழக்கம், சட்டத்தின் வாசகத்திலும் வணிகப் பெயர்களிலும் அன்றாடப் பேச்சிலும் நெடுங்காலமாக ஊறிக் கிடக்கிறது. விடையைத் தேட வேண்டிய இடம் அதுவே.

இக்குழப்பத்தின் விலை மணிக்கணக்கில் அளக்கப்படுவது. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்தி 1998-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, உறவுக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் லெவோநார்ஜெஸ்ட்ரல் உட்கொள்ளப்பட்டபோது, ஏற்பட்டிருக்கக்கூடிய கருத்தரிப்புகளில் 95 விழுக்காடு தவிர்க்கப்பட்டது. 25 முதல் 48 மணி நேரத்துக்குள் உட்கொண்டவர்களிடையே அது 85 விழுக்காடு. 49 முதல் 72 மணி நேரத்துக்குள் என்றால் 58 விழுக்காடு மட்டுமே. ஆகவே, ஒரு கடையில் மறுக்கப்பட்டு அடுத்த கடையைத் தேடிச் செல்லும் பெண் இழப்பது நேரத்தை மட்டுமன்று. மருந்தின் ஆற்றலில் ஒரு பகுதியையும் அவள் வழியிலேயே இழக்கிறாள்.

இம்மருந்தின் ஆய்வுக்கூட வரலாறு 1960-களில் தொடங்குகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்லீன் மோரிஸும் கெர்ட்ரூட் வான் வாகெனனும் குரங்குகளுக்கு மிகுந்த அளவில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்து ஆராய்ந்தனர். நெதர்லாந்தில் மருத்துவர் ஆரி ஹாஸ்பெல்ஸ், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமிக்கு 1964-இல் இம்முறையைக் கையாண்டார். கனடாவின் ஆல்பர்ட் யூஸ்பே, வழக்கமான கருத்தடை மாத்திரைகளில் உள்ள இரு ஹார்மோன்களையே கூடுதலான அளவில் இணைத்துக் கொடுக்கும் முறையை 1974-இல் வெளியிட்டார். அது பயன் தந்தது. ஆனால் கடுமையான குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கியது. மேலே குறிப்பிட்ட 1998 ஆய்வு, லெவோநார்ஜெஸ்ட்ரலைத் தனியாகக் கொடுப்பது யூஸ்பே முறையைவிடப் பயன் மிக்கது, தொல்லை குறைந்தது என்று நிறுவியது. இரண்டு தவணைகளாகக் கொடுக்கப்பட்ட 1.5 மில்லிகிராம் மருந்தை ஒரே தவணையில் கொடுத்தாலும் பயன் குறைவதில்லை என்பதை 2002-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. மருத்துவமனையிலிருந்து கடைக்கு இம்மருந்து இடம்பெயரக் காரணம் இந்த எளிமையே. ஒரு மாத்திரை, ஒரு தவணை. பரிசோதனையோ ஊசியோ தேவையில்லை.

மாத்திரை செய்யும் வேலையும் தெளிவாகவே அறியப்பட்டுள்ளது. சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுவதை அது தள்ளிப்போடுகிறது. முட்டை முன்பே வெளியேறியிருந்தால் மருந்து பெரிதும் பயன்படுவதில்லை. ஏற்கெனவே நிலைகொண்ட கருவை அது கலைப்பதும் இல்லை. கரு கருப்பையில் பதிவதை இம்மருந்து தடுக்கக்கூடும் என்று தன் நாட்டு மருந்துறைகளில் பல ஆண்டுகள் அச்சிடச் செய்திருந்த குறிப்பை, அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் நீக்கியது. அறிவியல் சேர்த்துவைத்திருந்த சான்று உறையின் மேல் ஏறுவதற்கே அத்தனை காலம் பிடித்தது.

பெயரின் வரலாறும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. ஆங்கில உலகில் இதற்கு முதலில் வழங்கிய பெயர் 'மறுநாள் காலை மாத்திரை' என்னும் பொருளுடையது. அப்பெயர் இருவகையில் தவறானது: மறுநாள் காலை கடந்துவிட்டால் பயனில்லை என்ற எண்ணத்தை அது உண்டாக்கியது, இரவைப் பற்றிய ஒரு கண்சிமிட்டலையும் உடன் சுமந்து வந்தது. இத்தாலியின் பெல்லாஜியோவில் 1995-இல் கூடிய வல்லுநர்களின் ஒருமித்த அறிக்கை உள்ளிட்ட முயற்சிகளால், 'அவசரக் கருத்தடை' என்னும் சொல்லாட்சி மருத்துவ உலகில் வேரூன்றியது. பெயர் மாற்றத்தின் நோக்கம் இம்மருந்தை ஒழுக்கத்தின் எல்லையிலிருந்து மருத்துவத்தின் எல்லைக்குள் கொண்டுவருவது.

இந்தியாவில் அந்த இடப்பெயர்ச்சிக்குக் குறுக்கே நின்றது ஒரு பழைய சட்டம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், எந்தெந்த நோக்கங்களுக்கான மருந்துகளை விளம்பரப்படுத்தக் கூடாது என்று தன் மூன்றாம் பிரிவில் பட்டியலிடுகிறது. அப்பட்டியலின் முதல் உட்பிரிவு, பெண்களுக்குக் கருச்சிதைவு உண்டாக்குவதையும் கருத்தரிப்பைத் தடுப்பதையும் 'அல்லது' என்ற ஒரே சொல்லால் இணைக்கிறது. மாதவிடாய்க் கோளாறுகளைச் சரிசெய்வதும் அதே பட்டியலில் இடம்பெறுகிறது. இவற்றை ஒன்றாகத் தொகுத்ததற்குக் காரணம் உண்டு. காலனியக் காலத்து இதழ்களில் மாதவிடாயை ஒழுங்குபடுத்துவதாகக் கூறிய மருந்து விளம்பரங்கள் மலிந்திருந்தன. அவற்றுள் பல கருக்கலைப்பைக் குறிப்பாக உணர்த்தியவை. போலி மருந்துகளிலிருந்து மக்களைக் காக்க எழுந்த சட்டம், மூன்று வேறு செயல்களையும் ஒரே ஐயத்துக்குரியவையாக வகைப்படுத்தியது. அரசே வெளியிடும் விளம்பரங்களுக்கும் அரசின் முன் அனுமதி பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அதாவது, கருத்தடையைப் பற்றி உரக்கப் பேசும் உரிமை முதன்மையாக அரசுக்கே உரியதாயிற்று.

அரசும் உரக்கவே பேசியது. 1968-இல் அறிமுகமான 'நிரோத்' ஆணுறை, மூன்று 15 காசு என்ற விலையில், தேயிலையும் சோப்பும் விற்ற பெரு நிறுவனங்களின் விற்பனை வலைகள் வழியாகச் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை சென்றது. அப்பெயர் தமிழ் உட்பட பல மொழிகளில் ஆணுறைக்கான பொதுச்சொல்லாகவே நிலைத்தது. அந்தப் பேச்சு குடும்பத்தை நோக்கிய பேச்சு. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு. திட்டமிடாத ஓர் இரவுக்குப் பின் தனியொரு பெண்ணுக்கு நேரும் தேவை அதில் இடம்பெறவில்லை.

அத்தேவையைக் கொள்கை அளவில் இந்தியா ஏற்றுக்கொண்டது 2001-இல்தான். அவ்வாண்டு ஜனவரியில் புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நடந்த தேசியக் கலந்தாய்வு, லெவோநார்ஜெஸ்ட்ரல் முறையைப் பரிந்துரைத்தது. தொடர்ந்து மருந்து ஒப்புதல் பெற்று அரசின் குடும்பநலத் திட்டத்திலும் சேர்க்கப்பட்டது. 2005-இல் சீட்டு தேவையில்லை என்றானது.

இவ்விடத்தில் இந்திய மருந்துச் சட்டத்தின் ஓர் இயல்பைக் கவனிக்க வேண்டும். 1940-ஆம் ஆண்டுச் சட்டமோ 1945-ஆம் ஆண்டு விதிகளோ, சீட்டின்றி விற்கும் மருந்துகள் என்ற தனி வகையை வரையறுப்பதில்லை. சீட்டு தேவைப்படும் பட்டியல்களில் இல்லாதது எதுவோ அது சீட்டின்றி விற்கத்தக்கது. ஆகவே இங்கு அனுமதி என்பது பெரும்பாலும் சட்டத்தின் மௌனமே. இதே காலகட்டத்தில் பிரான்சும் (1999) பிரிட்டனும் (2001) இம்மாத்திரையை மருந்தாளுநர் வழியே கிடைக்கச் செய்தன. பிரிட்டனில் மருந்தாளுநர் எதைக் கேட்க வேண்டும், எதை விளக்க வேண்டும் என்ற நெறிமுறை அதனுடன் சேர்ந்தே வந்தது. இந்தியாவில் சீட்டு நீங்கியது. அதன் இடத்தில் மருந்தாளுநரின் கடமை எதுவும் எழுதப்படவில்லை. மருந்தை இருப்பில் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மருத்துவரிடமிருந்து விடுபட்ட அதிகாரம் பெண்ணிடம் போய்ச் சேரவில்லை. கடைக்காரரின் விருப்பத்தில் தங்கிவிட்டது.

2007-இல் சிப்லா நிறுவனம் 'ஐ-பில்' என்னும் ஒற்றை மாத்திரையை 75 ரூபாய் விலையில் அறிமுகப்படுத்தித் தொலைக்காட்சியில் பெருமளவில் விளம்பரம் செய்தது. 2010-இல் அவ்வணிகப் பெயரைப் பிரமல் நிறுவனம் 95 கோடி ரூபாய்க்கு வாங்கியது. விளம்பரங்கள் அடிக்கடி உட்கொள்ளத் தூண்டுகின்றன என்று மருத்துவர்கள் சிலரும், ஒழுக்கத்தைக் குலைக்கின்றன என்று வேறு சிலரும் எதிர்த்தனர். ஆனால் அவ்விளம்பரங்கள் மொழியளவில் செய்த ஒரு நன்மையை மறுக்க முடியாது. 'கரு', 'உறவு' போன்ற சொற்களை வாய்விட்டுச் சொல்லாமலே கேட்கத்தக்க ஒரு பெயரை அவை பெண்களுக்கு அளித்தன. மறுபுறம், மேன்கைண்ட் நிறுவனத்தின் 'அன்வான்டட்' என்னும் பெயர் வேறொரு விளைவை உண்டாக்கியது. 72 என்ற எண்ணோடு வந்தால் அது அவசரக் கருத்தடை. 'கிட்' என்ற சொல்லோடு வந்தால் மிஃபெப்ரிஸ்டோன் அடங்கிய கருக்கலைப்பு மருந்து. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் 'அல்லது' என்ற சொல்லால் இணைத்ததை வணிகம் ஒரு குடும்பப் பெயரால் இணைத்தது.

இதன் பின்னணியில் கடைக்காரரின் அச்சத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். 2002-இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற மிஃபெப்ரிஸ்டோன் சீட்டுக்குரிய மருந்து. அதைச் சீட்டின்றி விற்றால் உரிமத்துக்கு ஆபத்து. மருந்து ஆய்வாளர்கள் அதன் கொள்முதல், விற்பனைக் கணக்குகளைக் கேட்பதுண்டு. பல கடைகளில் வாடிக்கையாளரை எதிர்கொள்பவர் பதிவுபெற்ற மருந்தாளுநர் அல்லர், உதவியாளர். இரண்டு மருந்துகளின் வேறுபாடும் அவருக்கு யாரும் கற்பிக்காதது. ஐயத்துக்குரிய வகையைச் சேர்ந்த எதையும் அடுக்காமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. அடுக்காததால் அவருக்குத் தண்டனையும் இல்லை.

இந்நிலை மிகத் தெளிவாக வெளிப்பட்ட மாநிலம் தமிழ்நாடு. அவசரக் கருத்தடை மாத்திரைக்கு மாநிலத்தில் தடை இல்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் செய்தியாளர்களிடம் கூறியதுண்டு. ஆயினும் சென்னை போன்ற பெருநகரிலேயே பெரும்பாலான கடைகளில் அது கிடைப்பதில்லை என்பதைச் செய்தியாளர்களின் நேரடி விசாரிப்புகள் மீண்டும் மீண்டும் பதிவு செய்துள்ளன. கடைக்காரர்கள் பலர் தடை இருப்பதாகவே நம்புகின்றனர். மகப்பேற்று நலக் குறியீடுகளில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலத்தில், எழுதப்படாத ஓர் ஆணை எழுதப்பட்ட அறிவிப்பைவிட வலிமை பெற்றிருக்கிறது.

தமிழ்ச் சொல்லாக்கத்துக்கும் இதில் சிறு பங்கு உண்டு. 'கருத்தடை', 'கருக்கலைப்பு' ஆகிய இரு தொகைச்சொற்களும் 'கரு' என்ற ஒரே நிலைமொழியைக் கொண்டவை. ஆங்கிலச் சொல் கருத்தரித்தல் என்னும் நிகழ்வை மறுக்கிறது. தமிழ்ச் சொல்லோ 'கரு' என்னும் பொருளைப் பெயரிட்ட பின்பே அதைத் தடுக்கிறது. கேட்பவர் மனத்தில் கரு ஒன்று ஏற்கெனவே இருப்பதாகத் தோன்றினால் வியப்பில்லை. மருந்து தள்ளிப்போடுவது முட்டை வெளியேறுவதை. அந்த முட்டைக்குச் சொல்லில் இடமில்லை. சொல்லை மாற்றினால் சமூகம் மாறிவிடும் என்பது இதன் பொருளன்று. விளக்குபவர் எந்தத் தடையைக் கடந்து விளக்க வேண்டியிருக்கிறது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

கடை மறுத்தால் வேறு வழி உண்டா? 2011-இல் தொடங்கிய திட்டத்தின்படி ஆஷா பணியாளர்கள் இம்மாத்திரையை 2 ரூபாய்க்கு வீட்டுக்கே கொண்டுசென்று கொடுத்தனர். ஆனால் அரசின் குடும்பநலப் பதிவேடு 'தகுதியுள்ள தம்பதியர்' என்னும் அலகைக் கொண்டது. மணமாகாத பெண் அதில் இடம்பெறுவதில்லை. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமும் கருத்தடை தோல்வியைப் பற்றிப் பேசும்போது மணமான பெண்ணையும் அவள் கணவனையும் மட்டுமே குறிப்பிட்டது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் பெண், அவள் துணைவர் என்று மாற்றியது. மணமாகாத பெண்ணுக்கும் சட்டத்தின் பயன் சமமாக உரியது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஐம்பது ஆண்டுகள் சட்டம் கேட்டுவந்த 'திருமணம் ஆகிவிட்டதா?' என்னும் கேள்வியை அது கைவிட்டுவிட்டது. கடையில் அக்கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. மணமாகாதவருக்கு ஆஷாவின் பை எட்டாததால், மருந்துக்கடையே பெரும்பாலும் அவருக்கு எஞ்சிய ஒரே வாசல்.

2024 செப்டம்பரில், அவசரக் கருத்தடைக்கு இனிச் சீட்டு கட்டாயமாகும் என்ற செய்தி பரவியது. நடைமுறையில் மாற்றம் இல்லை என்று அரசு மறுத்தது. மறுப்பைவிடச் செய்தி விரைவாக நம்பப்பட்டதில் வியப்பில்லை. பலருடைய அனுபவத்தில் சீட்டு கேட்பது முன்பே நடைமுறையாக இருந்தது.

இவ்வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளருக்குச் சட்டங்கள், ஆய்வு முடிவுகள், வணிக ஒப்பந்தங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் என்று ஆவணங்கள் ஏராளம். அவை அனைத்தும் கிடைத்ததைப் பற்றிப் பேசுபவை. மறுக்கப்பட்டதற்கு ரசீது இல்லை. ஒரு பெண் தாழ்ந்த குரலில் கேட்டு, 'இல்லை' என்ற விடையோடு திரும்பிச் சென்ற மாலைப் பொழுது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மருந்துக்கடை மேசையில் நிகழும் அந்தச் சில வினாடி உரையாடலை, மாநிலம் மாநிலமாக, மொழி மொழியாகப் பதிவுசெய்யும் களப்பணி இன்று தேவைப்படுகிறது. சட்டம் எங்கே முடிகிறது, வழக்கம் எங்கே தொடங்குகிறது என்பதை அந்த உரையாடல்களே காட்டும்.