சிறுத்தைக்கும் ட்ரான்ஸ்ஃபர்

போன மாதம் எங்கள் சொசைட்டியில் அவசரக் கூட்டம். பின்பக்கச் சுவர் மேல் ராத்திரி இரண்டரை மணிக்கு ஒரு சிறுத்தை நிதானமாக நடந்து போனது சிசிடிவியில் பதிவாகியிருந்தது. நாங்கள் இருப்பது மும்பை முலுண்ட் மேற்கில். சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் புதர், அதைத் தாண்டினால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா.

மூன்றாவது மாடி பாலக்காட்டு மாமி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஃபாரஸ்ட்காராளுக்கு ஒரு லெட்டர் போடுங்கோ. கூண்டு வெச்சுப் பிடிச்சு எங்கயாவது தூரக் காட்டுல கொண்டு விடட்டும். உங்க பொண்ணும்தான் காலம்பற ஆறு மணி இருட்டுல ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கறா!"

கடைசி வரி நேராக வயிற்றில் இறங்கியது. சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் பாருங்கள், பழைய கணக்கைப் புரட்டாமல் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாத தொழில் நம்முடையது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி, இவ்வளவு பெரிய ஊருக்கு நடுவில் 104 சதுர கிலோமீட்டர் காடு எப்படித் தப்பியது? பதில் தண்ணீர். பம்பாயின் தாகத்துக்காக 1860-ல் விகார் ஏரியும் 1879-ல் துளசி ஏரியும் உருவாயின. ஏரிக்கு வரும் நீர் கெடக்கூடாது என்பதற்காகச் சுற்றியிருந்த மலைக்காட்டையும் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அதே காட்டில் கான்ஹேரி குகைகளைக் குடைந்து பிட்சுக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். இங்குள்ள வார்லி பழங்குடி மக்கள் இன்றும் வாகோபா என்று புலிச்சாமியைக் கும்பிடுகிறார்கள். நம் பக்கம் ஊர் எல்லையில் அய்யனார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, நம் அடுக்குமாடிதான் புது வரவு. சிறுத்தை பழைய குடித்தனக்காரர்!

வெள்ளைக்காரன் காலத்தில் இதற்கெல்லாம் ஒரே வழிதான். தோலைக் கொண்டு வா, பணத்தை வாங்கிக்கொள். 1875-லிருந்து 1925 வரை ஐம்பது வருடத்தில் இந்தியா முழுக்க இப்படிப் பரிசுப் பணத்துக்காகக் கொல்லப்பட்ட சிறுத்தைகள் 1,50,000-க்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து துப்பாக்கி நின்றது. அதற்குப் பதிலாக வந்தது கூண்டு. பிடி, வேறு காட்டில் விடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மாமி கேட்டதும் அதுதானே?

அந்த வழியைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் புணே மாவட்டத்து ஜுன்னர். கரும்புக் காடுகளில் வாழ்ந்த சிறுத்தைகளை 2001-லிருந்து பிடித்துப் பிடித்துக் காடுகளில் விட்டார்கள். வித்யா ஆத்ரேயாவும் அவர் குழுவும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் அதன் விளைவு இருக்கிறது. அதற்கு முன் ஜுன்னரில் மனிதர்கள் தாக்கப்பட்டது வருடத்துக்குச் சராசரியாக 4 பேர். ஆரம்பித்த பிறகு 17!

ஏன்? எனக்கு இது சட்டென்று புரிந்தது. ஏனென்றால் நான் மூன்று ட்ரான்ஸ்ஃபர் பார்த்தவன். முதல் முறை ஒடிசாவில் ஒரு சின்ன ஊரில் போட்டார்கள். பாஷை தெரியாது, சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று தெரியாது, குடும்பம் ஊரில். ஆறு மாதம் எதிரே வந்தவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். மனசு முழுக்க ஊர் திரும்பும் ரயிலில்தான் இருந்தது. சிறுத்தையும் அப்படித்தான். அறியாத இடம், அங்கே ஏற்கெனவே இருக்கும் சிறுத்தைகளோடு சண்டை, பழைய இடத்துக்குத் திரும்பும் தவிப்பு. சரி, நான் விட்டு வந்த சீட்டாவது காலியாக இருந்ததா? அடுத்த வாரமே வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். இங்கேயும் ஒன்றைப் பிடித்தால் அந்த எல்லைக்கு இன்னொன்று வந்துவிடும்.

மும்பையிலும் அதே கதை. வெளியே பிடித்த சிறுத்தைகளைப் பூங்காவுக்குள் விட்டுக்கொண்டே இருந்தார்கள். 2004 ஜூனில் அடுத்தடுத்து மரணங்கள். நான் அப்போது சென்னையில் ப்ரொபேஷனரி ஆபீசர். பேப்பரில் படித்துவிட்டு, "இந்த ஊருக்கு மட்டும் போஸ்டிங் வரக்கூடாது" என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது!

பிறகு அணுகுமுறை மாறியது. சும்மா பிடித்து இடம் மாற்றாதீர்கள் என்று 2011-ல் மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்தது. அதே வருடம் வனத்துறை, ஆய்வாளர்கள், பொதுமக்கள் சேர்ந்து மும்பையில் ஒரு விழிப்புணர்வு இயக்கமும் தொடங்கினார்கள். பூங்காவிலும் சுற்றுப்புறத்திலும் எடுத்த கணக்குப்படி 2015-ல் 35 சிறுத்தைகள், 2018-ல் 47, 2024-ல் 54. எண்ணிக்கை கூடியும் 2004 மாதிரி இன்னொரு வருடம் வரவில்லை.

இன்னொரு தகவல். பூங்காவின் சிறுத்தைகள் வருடத்துக்குச் சுமார் 1,500 தெருநாய்களைத் தின்னக்கூடும், அதனால் ஆயிரம் நாய்க்கடி வரை குறையலாம் என்று 2018-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதாவது சிறுத்தை வருவது நாய்க்கு, நாய் வருவது நம் குப்பைக்கு.

இதனால் எல்லாம் சுபம் என்று சொல்ல வரவில்லை. 2022 தீபாவளி அன்று விடியற்காலை ஆரே காலனியில் ஒன்றரை வயதுகூட ஆகாத ஒரு பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அந்தத் தாய்க்கு எந்தப் புள்ளிவிவரமும் ஆறுதல் இல்லை. அதைப் படித்த ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை.

கடைசியில் லெட்டர் எழுதினேன். ஆனால் வனத்துறைக்கு அல்ல, மாநகராட்சிக்கு. பின்பக்கக் குப்பைத் தொட்டியைத் தினமும் காலி செய்யவும், எரியாத இரண்டு தெருவிளக்கை மாற்றவும். சொசைட்டி செலவில் சுவரோரப் புதரை வெட்டினோம். இருட்டிய பிறகு குழந்தைகள் தனியாகக் கீழே போகக் கூடாது, காலையில் பஸ் வரும்வரை ஒரு பெரியவர் கூட நிற்க வேண்டும் என்று முறை போட்டோம். என் முறை திங்கள், வியாழன்.

மாமிக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. "அப்போ அது இனிமே வராதா?" என்றார்.

"வரும் மாமி. நம்ம கண்ணுல படாம வந்துட்டுப் போகும். இத்தனை வருஷமும் அப்படித்தானே போயிண்டிருந்தது?"

மாமி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புதன்கிழமை முறைக்கு மாமா பெயரைக் கொடுத்திருக்கிறார்.